கயாக் வாய்க்கு வளையம் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணம் பக்கம், எங்கள் வீட்டு கார் ஷெட்டில் இதுவரை 2 கயாக் செய்து முடித்திருக்கிறேன். கயாக் என்றால் மேல்தளம் மூடி, நடுவில் ஆள் உட்காரத் துளை விட்ட ஒடுங்கிய துடுப்புப் படகு. இரண்டுமே 4 மி.மீ. பிளைவுட்டைச் செம்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் எபாக்சி (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பசை) பூசி, கண்ணாடி இழையில் நெய்த கண்ணாடித் துணி போர்த்திய வகை. தைத்துச் செய்த படகு என்றால் இங்கே யாரும் புருவம் உயர்த்துவதில்லை. பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டிய வள்ளங்கள் ஓடிய கரை இது. பார்க்க வருகிறவர்களின் பேச்சு கடைசியில் ஆள் உட்காரும் துளையில்தான் வந்து நிற்கும். அதைச் சுற்றி எழும்பி நிற்கும் வளையத்தை எப்படிச் செய்தாய், எப்படி ஒட்டினாய், எப்படி இப்படி வழுவழுவென்று ஆனது என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

துளை வெட்டியாச்சு. ஏறி உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டியதுதானே, வளையம் எதற்கு?

ஊறுகாய்ப் பரணியை நினைத்துக்கொள்ளுங்கள். வாயில் துணி போட்டுக் கயிறு கட்டினால் அது வழுகாமல் நிற்பதற்குக் காரணம், பரணியின் உதடு வெளியே பிதுங்கி இருப்பதும் அதற்குக் கீழே கழுத்து உள்ளே ஒடுங்கி இருப்பதும்தான். கயாக்கிலும் அதே சங்கதி. இடுப்பில் பாவாடை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு உட்காருவோம். ஸ்பிரே ஸ்கர்ட் என்பார்கள். அதன் ஓரத்தில் இருக்கும் ரப்பர் கயிறு இந்த உதட்டுக்கு அடியில் போய்க் கவ்வும். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் உள்ளே வராது. உதடு இல்லாவிட்டால் கவ்வ இடமில்லை.

இன்னொரு வேலையும் அதற்கு இருக்கிறது. 4 மி.மீ. பிளைவுட்டில் அவ்வளவு பெரிய துளை வெட்டினதும் மேல்தளம் அப்பளம் மாதிரி ஆடும். வளையம் ஒட்டியதும் அந்த ஆட்டம் நின்றுவிடும். கயாக்கைக் கண்டுபிடித்த ஆர்க்டிக் பகுதி மக்கள், தோல் போர்த்திய தங்கள் படகுகளில் வளைத்த மரத்தால் இதே வளையத்தை வைத்தார்கள். பொருள் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை.

இதற்குத் தமிழில் என்ன பெயர்?

எனக்குத் தெரிந்து தனிப் பெயர் எதுவும் புழக்கத்தில் இல்லை. ஆங்கிலத்தில் கோமிங். எங்கள் ஷெட்டில் எழும்பி நிற்கும் பாகம் 'சுவர்', மேலே வெளியே நீட்டும் பாகம் 'உதடு'. இந்தப் பக்கம் முழுக்க அப்படியே சொல்கிறேன்.

அளவுகள் சொல்லுங்கள்.

என் இரண்டாவது கயாக்கில் துளை 800 மி.மீ. நீளம், 420 மி.மீ. அகலம், சாவித் துளை வடிவம். பின்பக்கம் அகன்று, முன்னால் தொடைகள் மேல்தளத்துக்கு அடியில் போய் அணையும்படி குறுகி வரும். உங்கள் உடம்புக்கு இது சரியாக இருக்குமா என்பதை எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, துளையை வரைந்து, இருக்கை உயரத்தில் இரண்டு செங்கல் வைத்து, உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டுப் பாருங்கள். உள்ளே போவதைப் பார்த்தால் மட்டும் போதாது. கையை ஊன்றி எழுந்து வேகமாக வெளியே வரவும் முடிய வேண்டும். முழங்கால் தட்டினால் நீளத்தை 2 செ.மீ. கூட்டுங்கள்.

சுவரின் கனம் 22 மி.மீ., உதட்டின் முழு அகலம் 45 மி.மீ. அதாவது உதடு சுவரைத் தாண்டி 23 மி.மீ. வெளியே நீட்டும். உதட்டின் அடிக்கும் மேல்தளத்துக்கும் நடுவே 20 மி.மீ. இருந்தால் நிம்மதி, 18 குறைந்தபட்சம். உதடு அழகாக இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. இந்த இடைவெளி குறைந்தால் ஸ்கர்ட் மாட்டாது. மாட்டினாலும் முதல் அலையில் கழன்று வரும்.

எந்த முறையில் செய்வது நல்லது?

மூன்று வழி உண்டு. நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

முதல் வழி, அடுக்கு வளையம். 6 மி.மீ. பிளைவுட்டில் 3 வளையம் வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால் 18 மி.மீ. உயரச் சுவர். ஒட்டும் பசையின் கனமும் சேர்ந்து கொஞ்சம் கூடும். அதன் மேல் அகலமான ஒரு வளையம் உதடு. எல்லா வளையத்தின் உள் ஓரமும் ஒரே கோட்டில் வரும். வெளி ஓரம்தான் வேறுபடும். சுவர் வளையங்களை முழுசாக வெட்டினால் பலகை வீணாகும். இடது பாதி, வலது பாதி என்று வெட்டி, இணைப்பு ஒரே இடத்தில் வராமல் மாற்றி மாற்றி வையுங்கள், செங்கல் கட்டுவது போல. உதட்டை மட்டும் முடிந்தால் ஒரே துண்டாக வெட்டுங்கள். நடுவில் மிஞ்சும் பலகை உள்ளே குறுக்குத் தடுப்புக்கு ஆகும்.

இரண்டாவது, மெல்லிய மரச் சட்டங்களைத் துளையின் உள் ஓரத்தில் நட்டக்குத்தாக வரிசையாக ஒட்டிச் சுவர் எழுப்பி, அதன் வெளிப்புறம் 2 முதல் 3 மி.மீ. பட்டைகளை வளைத்து அடுக்கி உதடு செய்வது. பார்க்க அவ்வளவு அழகு. எங்கள் பக்கத்து ஆசாரி அண்ணன் அயனி மரத்தில் பட்டை சீவிக் கொடுத்தார். வள்ளத்துக்குக் காலங்காலமாகப் போகிற மரம், தண்ணீருக்கு அஞ்சாது. பின்பக்கத்துப் பெரிய வளைவில் 3 மி.மீ. பட்டை சொன்னபடி கேட்டது. முன்பக்கத்துச் சின்ன வளைவில் 'டக்' என்று ஒடிந்தது. வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, அச்சிலேயே கட்டி வைத்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் ஒட்ட முடியும். பொறுமை உள்ளவர்களுக்கு உகந்த வேலை. நான் பாதியில் விட்டுவிட்டு அடுக்கு வளையத்துக்கே திரும்பினேன்.

மூன்றாவது, அச்சின் மேல் கண்ணாடித் துணியையே அடுக்கடுக்காகப் போட்டு உதடு வார்ப்பது. எடை குறைவு. ஃபைபர் வேலை கைவந்தவருக்குச் சரி.

எடை எவ்வளவு கூடும்?

அடுக்கு வளையத்தில் எபாக்சியும் துணியும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றே கால் கிலோ.

எந்த பிளைவுட் வாங்க வேண்டும்?

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, குக்கரில் ஒரு மணி நேரம் வேகவைத்து, வெயிலில் காயவைத்து, உளியால் நெம்பிப் பாருங்கள். தாள் தாளாகப் பிரிந்தால் அது படகுக்கு ஆகாது. வெட்டின ஓரத்தையும் பாருங்கள். நடு அடுக்கில் ஓட்டை இருந்தால் வளையத்தில் அதே இடத்தில்தான் தண்ணீர் புகும். வளையத்துக்கு ஓரம்தான் அதிகம், பரப்பு குறைவு. அதனால் மேல்தளத்துக்குத் தேறுகிற பலகைகூட வளையத்துக்குத் தேறாமல் போகலாம்.

குளச்சல், முட்டம் பக்கம் ஃபைபர் வள்ளம் ரிப்பேர் பண்ணுகிற கடைகளில் ரெசின் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

அதிகம் வரும் கேள்வி இது. கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் வள்ளங்கள் பெருகின. அதனால் ரெசினும் கண்ணாடி மேட்டும் மீன்பிடி ஊர்களில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. அங்கே விற்பது பாலியெஸ்டர் ரெசின். ஃபைபர் மேல் ஃபைபர் போட அது அருமையான சாமான். ஆனால் மரத்தோடு அதற்கு அவ்வளவு ஒட்டுறவு இல்லை. வெயிலிலும் ஈரத்திலும் மரம் விரிந்து சுருங்கும்போது கொஞ்ச நாளில் ஓரத்திலிருந்து எழும்பி வரும். காய்ந்த எபாக்சி மேல் பாலியெஸ்டர் பூசினாலும் இதே கதைதான். படகு முழுக்க எபாக்சியில் செய்துவிட்டு வளையத்தை மட்டும் மலிவு ரெசினில் ஒட்டினால், அந்த வளையம் ஒருநாள் உங்கள் கையோடு வந்துவிடும்.

கடையில் தரும் மேட் இருக்கிறதே, நார்களைத் தாறுமாறாகப் போட்டு அழுத்திய வெள்ளைப் பாய், அதையும் எபாக்சியோடு சேர்க்க வேண்டாம். நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது. எபாக்சியில் அது சரியாகக் கரையாது, பாய் விறைப்பாகவே நிற்கும். நெய்த துணி கேளுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் இருந்தால் போதும்.

இன்னொன்று, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அந்த ரெசினை இறுகவைக்க அதோடு தரும் கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். வீட்டில் அடுத்தடுத்த அலமாரியில்கூட வைக்க வேண்டாம்.

மேல்தளம் வளைந்திருக்கிறது. வளையம் தட்டையாக இருக்கிறது. படியுமா?

6 மி.மீ. வளையம் குறுகலாக இருப்பதால் ஓரளவு வளைவுக்குப் படியும். ஒட்டும் முன்பு பசையில்லாமல் எல்லா வளையத்தையும் வைத்து, கிளிப் போட்டுப் பாருங்கள். முன்பக்கம் எழும்பி நின்றால் 6 மி.மீ. ஒன்றுக்குப் பதிலாக 3 மி.மீ. இரண்டு. அப்படியும் அடம்பிடித்தால் ஈரத் துணியைச் சுற்றி இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள், வழிக்கு வரும். ஈரம் முழுக்கக் காயாமல் எபாக்சி பக்கம் கொண்டுபோகக் கூடாது.

இத்தனை கிளாம்புக்கு எங்கே போவது?

4 அங்குல பி.வி.சி. பைப், பிளம்பரிடம் மிஞ்சினது. அதை ஒரு அங்குலத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு வளையத்தையும் ஓரிடத்தில் பிளந்துவிட்டால் அருமையான ஸ்பிரிங் கிளிப். வளையத்தின் சுற்றளவு 2 மீட்டருக்குச் சற்று மேலே, 5 செ.மீ.க்கு ஒன்று வைத்தால் 40, 45 கிளிப் வேண்டும். நாலடி பைப் போதும். இரும்பு கிளாம்பு மாதிரி மரத்தை நெரிக்காது. எபாக்சிக்கு நெரிப்பு ஆகவும் ஆகாது. ஓங்கி இறுக்கினால் பசையெல்லாம் வெளியே ஓடிப்போய் நடுவில் வறண்டு நிற்கும். தச்சு வேலையில் பழகியவர்களுக்கு இதைத்தான் நம்பவைப்பது கஷ்டம். ஆசாரி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதென்ன வளவிக்கடையா?" என்று கேட்டார்.

ஒட்டுகிற நாளில் என்ன வரிசையில் செய்வது?

முதலில் பசையில்லாமல் எல்லாவற்றையும் அடுக்கி, நேர் பார்த்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு இரண்டு என்று 6 இடத்தில் மேலிருந்து கீழே மேல்தளம் வரைக்கும் 3 மி.மீ. துளை போடுங்கள். அதில் மூங்கில் குச்சி சொருகுவோம். ஈரப் பசை பூசினதும் வளையங்கள் சோப்பு மாதிரி வழுக்கி ஓடும், குச்சி இல்லாவிட்டால் ஒன்றை நேராக்கும்போது மற்றது நகரும். ஈர்க்குச்சி வைத்துப் பார்த்தேன், ஒடிந்துவிட்டது. தற்காலிகமாக ஸ்குரூ போடுகிறவர்களும் உண்டு. போட்டால் மெழுகு தடவிப் போடுங்கள். அப்புறமும் மாட்டிக்கொண்டால் ஸ்குரூ தலையில் சால்டரிங் அயர்னைக் கொஞ்ச நேரம் வைத்தால் பசை இளகித் திரும்பும்.

மேல்தளத்தில், வளையத்தின் வெளி ஓரத்தை ஒட்டி பிரவுன் டேப் ஒட்டிவிடுங்கள். வழிகிற பசை அதில் பிடிக்காது. பிறகு ஒட்டும் முகங்களில் வெறும் எபாக்சியை ஒரு பூச்சு பூசி 10 நிமிடம் விடுங்கள், மரம் குடித்துக்கொள்ளும். பிளைவுட் ஓரங்கள் ரொம்பவே குடிக்கும். அப்புறம்தான் சிலிக்கா தூளோ சலித்த மரத்தூளோ கலந்து கெட்டியாக்கிய பசை. எவ்வளவு கெட்டி என்றால், வளையம் ஒட்டுவதற்கு இட்லி மாவு, மூலை நிரப்புவதற்கு வடை மாவு. தோசை மாவாக இருந்தால் வழிந்து ஓடிவிடும்.

முதல் நாள் 3 சுவர் வளையங்கள். உதடு மறுநாள். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒட்டுவதுதான் நான் முதல் கயாக்கில் செய்த தவறு. அதைக் கீழே சொல்கிறேன்.

கலக்கின எபாக்சி கிண்ணத்திலேயே சூடாகிப் புகைந்து கல்லாகிவிட்டது. கெட்டுப்போன சரக்கா?

சரக்கில் குறையில்லை. நம் ஊர் சூடுதான். எபாக்சி இறுகும்போது தானே சூடு விடும். குவளையில் குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். ஸ்லோ ஹார்டனர் (எபாக்சியை மெதுவாக இறுகவைக்கும் திரவம்) வாங்குங்கள், ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், கலக்கினதும் தட்டையான தட்டில் பரப்பிவிடுங்கள். காலை 6 மணிக்கு ஆரம்பித்தால் நல்லது. விகிதம் டப்பாவில் போட்டபடிதான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் இறுகாது, பிசுபிசுவென்று காலத்துக்கும் அப்படியே கிடக்கும். புகைந்த கிண்ணத்தை வெளியே மணலில் வையுங்கள். முகத்தருகே கொண்டுபோக வேண்டாம்.

மறுநாள் காலையில் மேலே மெழுகு தடவினது போல இருக்கிறது.

காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் ஹார்டனர் சேர்வதால் வரும் படலம் அது. ஆடிச் சாரலில் ஒட்டினால் நிச்சயம் வரும். சோப்புகூட வேண்டாம், தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவையுங்கள். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்த மெழுகைத் தேய்த்து மரத்துக்குள் ஏற்றிவிடுவீர்கள், மேலே பூசும் வார்னிஷ் திட்டுத் திட்டாக விலகும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. தை தொடங்கி பங்குனி வரைதான் எபாக்சிக்காரனுக்கு நல்ல காலம்.

உதட்டின் அடிப்பக்கத்தை எப்படித் தேய்ப்பது? கை போகவே மாட்டேன் என்கிறதே.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உதட்டின் அடிப்பக்கத்தை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு தேய்க்கும்படி வைத்துக்கொள்ளக் கூடாது.

முதல் கயாக்கில் எனக்கு இது தெரியாது. ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் 3 சுவரையும் உதட்டையும் ஒரே மூச்சில் ஒட்டி, கிளிப் எல்லாம் போட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டு, பெரிய சாதனை செய்தவன் போலக் குளித்துச் சாப்பிட்டுப் படுத்தேன். மறுநாள் மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. உதட்டுக்குக் கீழே விரலை விட்டதும்தான் தெரிந்தது: வழிந்த பசை துளித் துளியாகத் தொங்கி, அப்படியே இறுகி, கருவேல முள் மாதிரி வரிசையாக நிற்கிறது. 18 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி சில இடங்களில் 14. நைலான் ஸ்கர்ட் மூன்றாவது தடவை மாட்டும்போது கிழிந்தது. விரலும் கிழிந்தது. அதோடு உப்புத் தண்ணீரில் கை வைத்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி செய்ய மூன்று சாயங்காலம் ஆனது. மல்லாந்து படுத்து, ஆக்சா பிளேடில் 60 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி ஒட்டி, சவரக் கண்ணாடியை மேல்தளத்தில் வைத்து, அதில் மொபைல் டார்ச்சை அடித்து, பிம்பத்தைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். கண்ணாடியில் இடம் வலம் மாறும் என்பதால் பாதி நேரம் நல்ல இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆசாரி அண்ணன் வாசலில் நின்றபடி, "கண்ணு போவாத இடத்துக்குத்தான் தம்பி கையி போவும். அங்கதான் முதல்ல இழைக்கணும்" என்றார். 40 வருஷம் கதவும் கட்டிலும் செய்தவர். கட்டில் சட்டத்தின் அடிப்புறத்தையும் அவர் இழைத்துத்தான் தருவார்.

இப்போது நான் செய்வது இது. உதடு வளையத்தை வெட்டியதும் கவிழ்த்துப் போட்டு, அடி ஓரத்தை அரை வட்ட அரத்தால் 3 மி.மீ. உருட்டி, 80, 120, 220 என்று தேய்த்து, எபாக்சி இரண்டு பூச்சு பூசி, மறுபடி தேய்த்து முடித்துவிடுவேன். சுவர் ஒட்டுகிற 22 மி.மீ. பட்டையை மட்டும் டேப்பால் மறைத்து, பூச்சு பூசாமல் விட வேண்டும். ஒட்டியிருக்கும் சுவரின் வெளி முகத்தையும், அது மேல்தளத்தைத் தொடும் மூலையையும் உதடு ஏறுவதற்கு முன்பே வடை மாவுப் பசையால் நிரப்பி, ஐஸ் குச்சியின் முனையால் ஒரே இழுப்பில் குழிவாக்கி, தேய்த்து முடிப்பேன். அந்தக் குழிவு சின்னதாக இருக்கட்டும். பெரிதாக்கினால் ரப்பர் கயிறு உட்காரும் இடத்தை அதுவே தின்றுவிடும்.

உதடு ஒட்டும்போது பசையை உள் ஓரத்துப் பக்கம் தாராளமாகவும் வெளி ஓரத்துப் பக்கம் சிக்கனமாகவும் பூசினால் வழிவது உள்ளே வழியும். உள்ளே தேய்ப்பது சுலபம். கிளிப் போட்ட அரை மணி நேரத்தில் ஒரு தடவை, ஒரு மணி நேரத்தில் இன்னொரு தடவை, ஐஸ் குச்சியைச் சாய்வாக வெட்டி உதட்டுக்கு அடியில் ஒரு சுற்று ஓட்டி எடுங்கள். கையுறை போட்ட விரலால் கடைசியாக ஒரு சுற்று.

வளையத்துக்கும் கண்ணாடித் துணி போர்த்த வேண்டுமா?

சுவரின் உள் முகத்துக்கு அவசியம். ஏறும்போதும் இறங்கும்போதும் மொத்த எடையும் அங்கேதான் விழும். துணியை நேராக வெட்டினால் வளைவில் சுருங்கி மடியும். 45 டிகிரி சாய்வாகப் பட்டை வெட்டுங்கள், ஜாக்கெட்டுக்குக் கிராஸ் பீஸ் வெட்டுகிற மாதிரி. அந்தப் பட்டை மேலே உதட்டின் உள் ஓரத்திலிருந்து கீழே மேல்தளத்தின் அடிப்புறம் 5 செ.மீ. வரை போகட்டும். கூரான மூலையில் துணி படியாது, எழும்பி நிற்கும். அதனால்தான் எல்லா ஓரத்தையும் முதலிலேயே உருட்டச் சொல்வது.

பின்பக்கம் மட்டும் அடியில் இன்னொரு அடுக்கு துணி போடுங்கள். துடுப்பைக் குறுக்கே வைத்து வளையத்தின் பின்னால் உட்கார்ந்து கால்களை உள்ளே விடுவதுதான் எல்லோரின் பழக்கமும். அங்கே அடியில் குறுக்குத் தடுப்பு பக்கத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது. மேல்தளத்தின் அடிப்புறத்தில் படுத்துக்கொண்டு துணி ஒட்டும்போது தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். முடியில் எபாக்சி பட்டால் கத்தரிதான் வழி.

தேய்க்கும் தூள் ஆபத்தா?

ஆமாம். இறுகி ஒரு வாரம் ஆகாத எபாக்சித் தூள் தோலில் பட்டால் சிலருக்குத் தடிப்பு வரும், ஒரு தடவை வந்தால் பிறகு ஒவ்வொரு தடவையும் வரும். துண்டைக் கட்டிக்கொண்டு தேய்ப்பது போதாது. தூசி மாஸ்க், முழுக்கைச் சட்டை. ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்று தூளை அள்ளிக்கொண்டு போகும், ஆனால் எங்கே கொண்டுபோகும் என்பது அடுத்த வீட்டுக்காரர் வந்து சொல்லும்போதுதான் தெரியும்.

எபாக்சியே பளபளவென்று இருக்கிறதே, வார்னிஷ் எதற்கு?

வெயில் எபாக்சியைத் தின்னும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்து கலந்த வார்னிஷ் இல்லாவிட்டால் முதலில் மஞ்சளிக்கும், அப்புறம் சுண்ணாம்பு படிந்த மாதிரி வெளுக்கும், கடைசியில் துணியின் இழை வெளியே தெரியும். படகுகளுக்கான வார்னிஷ் 4 முதல் 6 பூச்சு. நடு நடுவே 320 நம்பர் வாட்டர் பேப்பர். உதட்டின் மேல் ஓரத்தில் வார்னிஷ் மெலிதாகத்தான் நிற்கும், அதனால் அங்கே மட்டும் ஒரு பூச்சு கூடுதலாக.

எந்த நேரத்தில் பூசுவது என்று கேட்டால், காலையில். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்தில் ஷெட்டில் லைட்டைப் போட்டு வார்னிஷ் பூசினேன். கால் மணி நேரத்தில் ஊரிலுள்ள ஈசல் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. என் முதல் கயாக்கின் இடது பக்க உதட்டில் ஒரு ஈசல் சிறகு இன்றைக்கும் இருக்கிறது. தேய்த்து எடுத்திருக்கலாம், பிள்ளைகள் விடவில்லை.

கருப்புச் சாயம் பூசலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அழகுதான். ஆனால் வீட்டுச் சூட்டில் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரியில் மெல்ல இளகத் தொடங்கும். பங்குனி வெயிலில் கருப்பு வளையம் அந்தச் சூட்டை எட்டிவிடும். எந்த நிறமானாலும் தென்னை நிழலில் வைக்காதீர்கள், தேங்காய் விழும். ஷெட்டில் வையுங்கள்.

ஸ்கர்ட் எங்கே கிடைக்கும்?

இணையத்தில் வாங்கலாம், வளையத்தின் வெளிச் சுற்றளவைச் சொல்ல வேண்டும். என்னுடையதை தார்ப்பாய் தைக்கும் கடையில் தைத்து வாங்கினேன், நைலான் துணி, 8 மி.மீ. ரப்பர் கயிறு. தைக்கிறவரிடம் முன்பக்கத்தில் பிடித்து இழுக்க ஒரு வார் கட்டாயம் வேண்டும் என்று சொல்லுங்கள். மாட்டும்போது அந்த வார் வெளியே கிடக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஓங்கி ஒரு இழு இழுத்தால் கழன்று வர வேண்டும். வராவிட்டால் அதைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் போகாதீர்கள்.

முதல் தடவை எங்கே இறக்குவது?

நேரே கடலில் வேண்டாம். காற்றே இல்லாத நாளில்கூடக் கள்ளக்கடல் (திடீரென்று பொங்கி வரும் அலை) ஏறும் கரை நம்முடையது. மணக்குடியில் பழையாறு கடலோடு சேரும் காயல் நல்ல இடம். இடுப்பளவுத் தண்ணீர், பக்கத்தில் நிற்க ஒரு ஆள், உயிர்காப்புச் சட்டை. வேண்டுமென்றே கவிழுங்கள். முன்னால் குனிந்து, வாரைப் பிடித்து முன்பக்கமாக இழுத்து, இரண்டு கையையும் வளையத்தின் பக்கங்களில் ஊன்றி, கால்சட்டையை உருவுகிற மாதிரி உடம்பை வெளியே தள்ளுங்கள். முதலில் ஸ்கர்ட் இல்லாமல், பிறகு ஸ்கர்ட்டோடு. வளையத்தை ஒழுங்காகச் செய்தோமா என்பது அந்த இடத்தில்தான் தெரியும். தலைகீழாகத் தொங்கும்போது கண் எதையும் பார்க்காது, விரல்தான் தேடும்.

இரண்டாவது கயாக்கை அங்கே இறக்கின அன்று வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து பார்த்தார். இளவயதில் கட்டுமரம் தள்ளினவர். கட்டுமரத்தில் துளையும் இல்லை, உள்ளேயும் இல்லை. கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு மேலே ஏறிக்கொள்வதுதான். "மக்கா, இந்தக் குழிக்குள்ள இருந்து கவுந்தா எப்படி வெளிய வருவ?" என்றார். மூன்று தடவை கவிழ்ந்து காட்டினேன். தலையாட்டினார். கரைக்கு இழுத்து வைத்ததும் குனிந்து, உதட்டுக்கு அடியில் விரலை விட்டு மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். பின்பக்கம் வலது மூலையில் விரல் நின்றது.

"இங்க ஒண்ணு கெடக்கு" என்றார்.

கிடந்தது. ஒரு மிளகு அளவுக்கு எபாக்சித் துளி.